பொங்காத பால்

பொங்கலுக்கு மாமனார் வீட்டுக்குப் போகிற மாப்பிள்ளைக்கு அங்கே வேலை ஒன்றும் வைக்க மாட்டார்கள். வேஷ்டி எடுத்துக் கொடுப்பார்கள். கரும்பைத் துண்டு போட்டுக் கொடுப்பார்கள். காப்பியைக் கையிலே கொண்டு வந்து கொடுப்பார்கள். வாங்கிக் கொள்வது ஒன்றுதான் மாப்பிள்ளையின் வேலை. அந்தத் தைரியத்தில்தான் இந்த முறை போகிப் பண்டிகையன்று மனைவியை அழைத்துக் கொண்டு சென்னையில் ரயில் ஏறினேன். திருத்தணியில் இறங்கி, பஸ் பிடித்துப் பொதட்டூர்பேட்டை போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து விட்டது.

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். தெருவுக்குள் நுழையும்போதே விசைத்தறிகள் 'டக்கு டக்கு' என்று வரவேற்கும். பண்டிகைக்குத் தறி நிற்குமே என்று அன்று விளக்குப் போட்டுக் கூட ஓட்டிக் கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தையும் மீறிக் கொண்டு என் மாமனார் வீட்டுக்குள்ளிருந்து வேறொரு சத்தம் வந்தது. ரயில் எஞ்சின் ஆவி விடுகிற மாதிரி 'புஸ்ஸ்ஸ்' என்று ஒரு சீறல். தொடர்ந்து என் மாமியாரின் குரல்:

"போச்சுடா, இன்னொரு கால் லிட்டர்!"

சமையலறையில் எட்டிப் பார்த்தேன். என் மைத்துனன் கையில் ஓர் எவர்சில்வர் ஜக். அதில் பால் இருந்த இடம் தெரியவில்லை. துணி துவைக்கிற தொட்டியில் நிற்குமே, அது போல் பெரிய பெரிய குமிழிகள். எதிரே மேடையின் மேல், பளபளவென்று ஓர் எஸ்பிரஸோ மிஷின்.

"வாங்க மாமா! நல்ல சமயத்திலே வந்தீங்க. நீங்க பத்திரிகையிலே இருக்கிறவர். இதுக்கு ஒரு வழி சொல்லுங்க" என்றான் மைத்துனன்.

மாப்பிள்ளைக்கு வேலை இல்லை என்று சொன்னேனே, அது பொய்யாகப் போயிற்று.

மிஷின் வந்த கதை

மைத்துனனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. முதல் தீபாவளி போனஸ் வந்ததும், அப்பாவுக்கு ஏதாவது உயர்ந்த பொருளாக வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறான். என் மாமனார் பதினான்கு வயதில் தறியில் உட்கார்ந்தவர். முதலில் கைத்தறி, பிறகு விசைத்தறி. இப்போது முழங்கால் வலியினால் ஓய்ந்து விட்டார். அவருக்கு உலகத்தில் உள்ள ஒரே சபலம் காப்பி. ஆகவே பிள்ளை காப்பி மிஷின் வாங்கி வந்து விட்டான். போனஸ் முழுவதும் அதற்கே போயிற்று.

மிஷின் காப்பியை ஒழுங்காகத்தான் இறக்கியது. ஆனால் பால்தான் கட்டுக்கு அடங்கவில்லை. ஒரு நாள் குமிழியாகப் பொங்கும். மறு நாள் நுரையே வராமல் வெந்நீர் கலந்த பாலாக நிற்கும். இன்னொரு நாள் தீய்ந்த வாடை அடிக்கும். மாமனார் ஒன்றும் சொல்லவில்லை. கொடுத்ததை வாங்கிக் குடித்து விட்டு, "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய் விடுவார். அங்கே டீக்கடையில் அவர் காப்பி குடிக்கிறார் என்பது ஊருக்கெல்லாம் தெரியும், பிள்ளை உள்பட.

"பொங்கல் கழிஞ்சதும் இதைப் பரண்லே ஏத்திடலாம் மாமா" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னான் மைத்துனன். அவன் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. நான் காப்பி நிபுணன் அல்ல. ஆனால் பத்திரிகைக்காரனுக்கு ஒரு சௌகரியம் உண்டு. தெரியாததைப் படித்தோ கேட்டோ தெரிந்து கொள்வதுதான் அவன் பிழைப்பு. அன்று இரவு உட்கார்ந்து படித்தேன். மறு நாளும் அதற்கு மறு நாளும் அந்த வீட்டில் நடந்ததையும் சேர்த்து இங்கே சொல்கிறேன். மிஷின் வைத்திருப்பவர்களுக்கு உதவும். இல்லாதவர்களுக்கும் பாலைப் பற்றி இரண்டு விஷயம் தெரிந்ததாக இருக்கும்.

கலியாண வீட்டு 'எக்ஸ்பிரஸ்ஸோ'

நம்மில் பலர் 'எக்ஸ்பிரஸ்ஸோ காப்பி' என்ற பெயரை முதலில் கேட்டது கலியாண வரவேற்பிலும் பொருட்காட்சியிலும்தான். கோபுரம் மாதிரி ஒரு மிஷின். அதன் குழாயில் ஒருவர் ஜக்கைப் பிடிப்பார். 'சர்ர்ர்' என்று சத்தம். நுரை ததும்பும் கோப்பை. மேலே கொஞ்சம் சாக்லேட் தூள். குழந்தைகள் இரண்டாம் தடவையும் வரிசையில் நிற்பார்கள். உண்மையில் அதில் எஸ்பிரஸோ என்பது கிடையாது. பாலும் சர்க்கரையும் கரையும் காப்பித் தூளும் சேர்ந்த கலவைக்கு ஆவி பாய்ச்சியதுதான். ஆனாலும் அது நமக்கு ஒரு பாடத்தைக் கற்றுக் கொடுத்து விட்டது: ஆவி பட்டால் பால் நுரைக்கும்.

அசல் எஸ்பிரஸோ இத்தாலி நாட்டுச் சங்கதி. மிலான் நகரத்து லூயிஜி பெஸரா என்பவர், ஆவியின் அழுத்தத்தைக் கொண்டு சட்டென்று காப்பி இறக்கும் யந்திரத்துக்கு 1901-ல் உரிமை கோரி விண்ணப்பித்தார். பிறகு அக்கிலே காஜியா என்பவர் அமைத்த மிஷின் 1948-ல் விற்பனைக்கு வந்தது. அதில் ஒரு கைப்பிடியை இழுத்து விட்டால் வில்லின் விசை வெந்நீரைக் காப்பித் தூளின் வழியே அழுத்தித் தள்ளும். இன்று வீட்டு மிஷின்களில் அந்த வேலையைச் சின்ன மோட்டார் பம்பு செய்கிறது. காப்பி இறக்குவதை மிஷினே பார்த்துக் கொள்ளும். பக்கத்தில் தொங்குகிற ஆவிக் குழாய் மட்டும் இன்றும் மனிதன் கையை நம்பித்தான் இருக்கிறது. என் மைத்துனனின் கஷ்டமெல்லாம் அந்த ஒரு முழக் குழாயில்தான்.

நுரை வேறு, குமிழி வேறு

பால் ஏன் நுரைக்கிறது? பசும்பாலில் நூற்றுக்குச் சுமார் எண்பத்தேழு பங்கு தண்ணீர். மீதியில் கொழுப்பு, சர்க்கரைச் சத்து, புரதம், உப்புகள். புரதம் நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல்தான். ஆனால் நுரைக்கு அதுதான் எஜமானன். பாலுக்குள் காற்று புகுந்தால், புரதம் ஓடி வந்து ஒவ்வொரு காற்றுத் துளியையும் சுற்றித் தோல் போல் மூடிக் கொள்கிறது. அதனால் துளி உடையாமல் நிற்கிறது.

காற்று கொஞ்சமாக உள்ளே போய், பிறகு பாலோடு நன்றாகச் சுழன்றால், அந்தத் துளிகள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிந்து விடும். பால் அப்போது பளபளக்கும். புதிதாகப் பூசிய சுவர் வண்ணம் மாதிரி வழவழவென்று ஓடும். அதுதான் நுரை. காற்று தாறுமாறாகப் போனால் பெரிய பெரிய குமிழிகள். மேலே குமிழி நிற்கும். கீழே வெறும் பால் நிற்கும். குடிக்கிறவர் மீசை மட்டும் நனையும்.

சூட்டுக்கும் ஓர் எல்லை உண்டு. அறுபதிலிருந்து அறுபத்தைந்து டிகிரி சென்டிகிரேடில் பால் இனிப்பாக இருக்கும்; நுரையும் நிற்கும். எழுபதைத் தாண்டினால் வெந்த வாடை வரும். நுரையின் மென்மையும் போகும். இங்கேதான் நம் கை நம்மை ஏமாற்றுகிறது. நமக்குப் பால் என்றால் பொங்க வேண்டும். பொங்கி மேலே வந்தால்தான் அடுப்பை அணைப்போம். பரம்பரை பரம்பரையாக வந்த வழக்கம். மிஷினோ, பொங்குவதற்கு வெகு முன்னாலேயே நிறுத்து என்கிறது.

ஆவிக்கு எவ்வளவு வலிமை என்று பாருங்கள். ஒரு கிராம் ஆவி மறுபடியும் தண்ணீராகும்போது ஏறக்குறைய 540 கலோரி சூட்டை வெளியே விடுகிறது. ஐந்து டிகிரியில் குளிர்ந்திருக்கும் 150 கிராம் பாலை அறுபது டிகிரிக்குக் கொண்டு வரக் கணக்குப்படி சுமார் பதின்மூன்று கிராம் ஆவி போதும். அந்தப் பதின்மூன்று கிராமும் தண்ணீராகிப் பாலோடுதான் சேரும். அதாவது, மிஷின் எப்படியும் நம் பாலில் கொஞ்சம் தண்ணீர் கலக்கத்தான் செய்கிறது. இதற்கு மேல் குழாயில் தேங்கியிருக்கிற தண்ணீரையும் பாலுக்குள் விட்டால் பால்காரர் மேல் பழி போட நியாயமில்லை. பாலில் வைப்பதற்கு முன் இரண்டு மூன்று வினாடி ஆவியை வெறுமே திறந்து விட வேண்டும். முதலில் தண்ணீர் துப்பும். பிறகு உலர்ந்த ஆவி வரும். மைத்துனன் அதுவரை இதைச் செய்ததே இல்லை.

ஆயாவின் ஆட்சேபணை

பொங்கலன்று காலையில் வாசலில் புதுப் பானையில் பால் பொங்கியது. "பொங்கலோ பொங்கல்!" என்று தெருவே கூவியது. பூஜையெல்லாம் முடிந்ததும் மைத்துனனும் நானும் மிஷின் பக்கம் வந்தோம்.

என் மனைவிக்கு அப்போது ஐந்தாம் மாதம். "எனக்குக் காப்பி வேண்டாம்டா. வெறும் பாலே நுரை வச்சுக் கொடு" என்றாள் தம்பியிடம். அவன் கொல்லைக்குப் போய், அப்போதுதான் கறந்த பாலை ஜக்கில் வாங்கி வந்து, ஆவிக் குழாயின் அடியில் பிடித்தான். அந்தச் சமயத்தில் மாமனாரின் தாயார், ஆயா, உள்ளே வந்தாள். எண்பது வயதைக் கடந்தவள். பசு மாடு அவளுடையதுதான்.

"காய்ச்சினியா?" என்றாள்.

"காய்ச்சக் கூடாது ஆயா. குளிர்ந்த பாலைத்தான் மிஷின்லே வைக்கணும்னு புஸ்தகத்திலேயே போட்டிருக்கு. ஆவியே காய்ச்சிடும்."

ஆயா பேசவில்லை. ஜக்கை அவன் கையிலிருந்து வாங்கித் தன் புடவைத் தலைப்பில் அணைத்துக் கொண்டாள். "பிள்ளைத்தாச்சிக்குப் பச்சைப் பால் கொடுக்கிற வீட்டை நான் பார்த்ததில்லை" என்று மட்டும் சொன்னாள்.

மைத்துனனுக்குக் கோபம். ஆனால் இந்த வழக்கில் ஆயாவின் பக்கம்தான் தீர்ப்பு. மிஷினோடு வரும் புத்தகம் குளிர்ந்த பாலை வை என்று சொல்வது கடைப் பாலை நினைத்துக் கொண்டு. பாக்கெட்டில் வரும் பாலைப் பண்ணையிலேயே பதப்படுத்தி விடுகிறார்கள். எழுபத்திரண்டு டிகிரி சூட்டில் குறைந்தது பதினைந்து வினாடி வைத்து, உடனே குளிர வைப்பது அதன் வழக்கமான முறை. ஆகவே, கெடாமல் குளிர்ச்சியில் வைத்திருந்த பாக்கெட் பாலை நேரே மிஷினில் வைக்கலாம்.

மாட்டிலிருந்து கறந்த பால் அப்படியல்ல. அதில் மாட்டுக்கு இருக்கும் நோய்க் கிருமிகள் வரலாம். விட்டு விட்டுக் காய்ச்சல் வருகிற புரூசெல்லா நோயும், மாட்டுக் காசமும் பச்சைப் பாலின் வழியே மனிதருக்கு வரக் கூடியவை. கர்ப்பிணிகளுக்கு லிஸ்டீரியா என்ற கிருமி மிகவும் ஆபத்தானது. வயிற்றுப் பிள்ளைக்கே கேடு செய்யும். மிஷினின் ஆவி பாலை அறுபது டிகிரிக்குக் கொண்டு போவதோடு நிறுத்தப் படுகிறது. அதுவும் அரை நிமிஷ வேலை. கிருமிகளை ஒழிக்க அந்தச் சூடும் நேரமும் போதவே போதாது. புஸ் என்று சத்தம் கேட்பதால் பால் காய்ந்து விட்டதாக நினைப்பது பெரிய தப்பு.

அப்படியானால் வீட்டுப் பாலுக்கு மிஷின் கிடையாதா? உண்டு. கறந்த பாலை முதலில் அடுப்பில் நன்றாகப் பொங்கக் காய்ச்ச வேண்டும். ஆற விட்டு, ஏட்டை எடுத்து வடிகட்டி, குளிர்ப் பெட்டியில் வைக்க வேண்டும். நன்றாகக் குளிர்ந்த பிறகு மிஷினில் வைக்கலாம். ஏட்டை எடுக்காவிட்டால் திப்பி திப்பியாகச் சுழலும், நுரையும் கெடும்.

இதில் ஓர் ஆச்சரியம் என்னவென்றால், ஆயாவின் வழக்கம் நுரைக்கும் நல்லது. பச்சைப் பாலில் கொழுப்பைச் சிதைக்கும் நொதி ஒன்று உண்டு. பாலைக் குலுக்கி, காய்ச்சாமல் வைத்திருந்தால் அந்த நொதி கொழுப்பைப் பிரித்து விடும். பிரிந்த கொழுப்பு அமிலம் நுரையை நிற்க விடாது. பால் கெட்ட மாதிரியே தெரியாது. நுரை மட்டும் பொசுக்கென்று அமுங்கும். கறந்த உடனே காய்ச்சினால் அந்த நொதி செத்து விடுகிறது. இதை நான் விளக்கியபோது ஆயா, "அதைத்தானே நான் சொன்னேன்" என்றாள். அவள் சொல்லவில்லை, ஆனால் அறுபது வருஷமாகச் செய்து கொண்டிருக்கிறாள்.

சோப்புத் தண்ணீர்ப் பள்ளிக்கூடம்

அடுத்த சண்டை மாமியாரோடு. "பழகறேன் பழகறேன்னு நாளைக்கு ஒரு லிட்டர் பாலைக் கொட்டினா யார் கொடுப்பாங்க?" என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பால் வாங்கிக் குடிக்கிற எந்த வீட்டிலும் கேட்கக் கூடிய கேள்விதான்.

இதற்குக் காப்பிக் கடைகளில் வேலை பழகுகிறவர்கள் கையாளும் ஒரு யுக்தி உண்டு. ஜக்கில் குளிர்ந்த தண்ணீர் எடுத்து, பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தில் ஒரே ஒரு சொட்டு விட்டு, அதை ஆவிக் குழாயில் பிடிக்க வேண்டும். நுரைப்பதில் அது ஏறக்குறையப் பாலைப் போலவே நடந்து கொள்ளும். காசு செலவில்லாமல் இருபது முறை பழகலாம். முடிந்த பிறகு குழாயை நன்றாகத் துடைத்து, சுத்தத் தண்ணீரில் வைத்து ஆவி விட்டு, ஜக்கையும் கழுவி விட வேண்டும்.

சமையலறையில் சோப்புத் தண்ணீர்ப் பள்ளிக்கூடம் ஆரம்பமாயிற்று. மாமியார் தம் பங்குக்குக் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொண்டு வந்து நீட்டினார்கள். அது சுமார் நாற்பத்திரண்டு டிகிரியோடு நின்று விடும் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தேன்.

எத்தனை முறை செய்தாலும் குமிழிதான் வந்தது. 'புஸ்ஸ்ஸ்' என்ற சீறல் ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஒரே மாதிரி கேட்டது. நான் படித்ததெல்லாம் தீர்ந்து போயிற்று. அப்போதுதான் வாசலில் உட்கார்ந்திருந்த மாமனார் எழுந்து வந்தார்.

தறி கேட்ட காது

"சத்தம் ஒரே மாதிரி வருதே. அது சரியா மாப்பிள்ளை?" என்று கேட்டார்.

சரியில்லைதான். முதலில் சீற வேண்டும். பிறகு சீறல் அடங்கி, உள்ளே உறுமுகிற மாதிரிச் சத்தம் மாற வேண்டும். சீறினால் காற்று போகிறது என்று அர்த்தம். அடங்கினால் காற்று நின்று பால் சுழல்கிறது என்று அர்த்தம்.

"அப்போ காத்து நிக்கவே இல்லை. எங்கேயோ வழி இருக்கு" என்றார் மாமனார்.

ஐம்பது வருஷம் தறியோடு வாழ்ந்தவர். பத்துத் தறி ஓடுகிற கூடத்தில், எந்தத் தறியில் நாடா சரியாகப் போகவில்லை என்பதைச் சத்தத்தாலேயே சொல்லி விடுவார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மிஷினை அணைத்து ஆற வைக்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக் கொண்டு குழாயைத் தடவிப் பார்த்தார். "இதோ பாரு" என்றார்.

குழாயின் மேல் ஓர் உறை போட்டிருந்தது. அந்த உறையின் பக்கத்தில் மிளகு அளவுக்கு ஓர் ஓட்டை. வீட்டு மிஷின்கள் பலவற்றில் இந்த உறை உண்டு. புதிதாகப் பழகுகிறவருக்கு எப்படியாவது நுரை வரட்டும் என்று அமைத்தது. ஆவி வேகமாகப் போகும்போது அந்த ஓட்டை வழியே காற்றைத் தானாக உறிஞ்சிக் கொள்ளும். ஓட்டை பாலுக்கு மேலே இருக்கிற வரையில் காற்று போய்க் கொண்டே இருக்கும். மைத்துனன் கடைசி வரை ஓட்டையை மேலேயே வைத்திருந்தான். அதுதான் குமிழியின் ரகசியம். முதலில் சில வினாடி மட்டும் ஓட்டை மேலே இருந்தால் போதும். அப்புறம் ஜக்கை உயர்த்தி, ஓட்டை பாலில் முழுகும்படி செய்து விட வேண்டும். காற்று நிற்கும்; சத்தம் மாறும்.

உறைக்குள்ளே குழாயின் நுனியில் இன்னொரு குறை. காய்ந்த பால் படிந்து ஆவி வரும் வாயைப் பாதி அடைத்திருந்தது. அறுந்த இழையை நொடியில் முடிச்சுப் போடும் அந்த விரல்கள் ஓர் ஊசியை எடுத்து அதைச் சுத்தம் செய்தன. "தினம் துடைக்காட்டா தறி கூடத்தான் நிக்கும்" என்றார்.

மிஷினை மறுபடியும் போட்டார்கள். இந்த முறை ஜக்கைப் பிடித்தவர் மாமனார். கண்ணை மூடிக் கொண்டார். சீறல் வந்தது. நாலைந்து வினாடி. ஜக்கைச் சற்றே உயர்த்தினார். சீறல் அடங்கிற்று. சோப்புத் தண்ணீர் ஜக்குக்குள் சுழல ஆரம்பித்தது. நிறுத்திப் பார்த்தால், மேலே பெரிய குமிழி ஒன்று கூட இல்லை.

மைத்துனன் அப்பாவையே பார்த்துக் கொண்டு நின்றான்.

செய்முறை

மறு நாள் மாட்டுப் பொங்கல். பசுவுக்குக் கொம்பில் வண்ணம் பூசிப் படையல் எல்லாம் முடிந்த பிறகு, முதல் நாள் காய்ச்சிக் குளிர வைத்த அதே பசுவின் பாலைக் கொண்டு அசல் சோதனை நடந்தது. நாங்கள் செய்த வரிசையை அப்படியே தருகிறேன்.

காப்பியை முதலில் இறக்கி வைத்துக் கொள்ளுங்கள். சின்ன மிஷின்களில் காப்பிக்கு ஒரு சூடு, ஆவிக்கு அதைவிட அதிகச் சூடு. ஆவிக்கான பொத்தானை அழுத்தி, தயார் என்று விளக்குக் காட்டும் வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டால் ஈர ஆவிதான் வரும்.

ஜக்கில் பாதிக்கு மேல் பால் வேண்டாம். பால் சுழலவும் உயரவும் இடம் வேண்டும். பால் எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு நல்லது. காற்று சேர்க்கவும் சுழற்றவும் அவகாசம் கிடைக்கும்.

இரண்டு மூன்று வினாடி ஆவியை வெறுமே விட்டுத் தண்ணீரை வெளியேற்றுங்கள். கையையும் குழந்தைகளையும் தள்ளி வையுங்கள். ஆவிச் சூடு வெந்நீர்ச் சூட்டை விடப் பொல்லாதது.

உறை இல்லாத குழாயானால், நுனி பாலின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, நடுவில் இல்லாமல் ஓரமாக இருக்கட்டும். காகிதம் கிழிகிற மாதிரி 'த்ஸ் த்ஸ்' என்று சத்தம் வர வேண்டும். ஜக்கு உங்கள் கையின் சூட்டுக்கு வருவதற்குள் காற்று சேர்க்கிற வேலை முடிந்து விட வேண்டும். பிறகு நுனியை இன்னும் கொஞ்சம் உள்ளே விட்டுப் பாலைச் சுழல விடுங்கள். உறை உள்ள குழாய்க்கு, மேலே சொன்ன ஓட்டைக் கணக்கு.

ஜக்கின் அடியில் உள்ளங்கையை வையுங்கள். தொட்டால் ஒரு வினாடிக்கு மேல் வைத்திருக்க முடியவில்லை என்னும்போது அறுபது டிகிரி நெருங்கி விட்டது. உடனே ஆவியை மூடுங்கள். மூடிய பிறகுதான் ஜக்கை எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் சுவரெல்லாம் பால் அபிஷேகம்.

ஜக்கை மேடையில் இரண்டு தட்டுத் தட்டி ஒரு சுற்றுச் சுற்றுங்கள். உடனே ஊற்றி விடுங்கள். வைத்திருந்தால் நுரை மேலே பிரிந்து விடும். அடுத்த கையாக, குழாயை ஈரத் துணியால் துடைத்து மறுபடியும் ஒரு வினாடி ஆவி விடுங்கள். பால் காய்ந்து ஒட்டி விட்டால் பிறகு ஊசியும் மூக்குக் கண்ணாடியும் தேடும்படி ஆகும்.

எந்தப் பால் நல்லது என்று பலர் கேட்பார்கள். கொழுப்பு மூன்று சதவிகிதம் உள்ள 'டோன்டு' பாலில் நுரை சுலபமாக எழும்பும். ருசி சற்று இளப்பம். ஆறு சதவிகிதம் உள்ள முழுக் கொழுப்புப் பால் நாக்குக்குக் கனமாக, வழவழப்பாக இருக்கும். நுரை குறைவாக எழும்பும். நாலரை சதவிகிதம் உள்ள நடுத்தரப் பால் இரண்டுக்கும் பொது. எந்தப் பாலானாலும் அன்றைய பாலாக இருப்பதுதான் முக்கியம்.

"சூடு இல்லைடா"

எல்லாம் செய்தாகி விட்டது. பால் பட்டுப் போல் வந்தது. மைத்துனன் கோப்பையை அப்பாவிடம் நீட்டினான். மாமனார் ஒரு வாய் குடித்தார். நாங்கள் அவர் முகத்தையே பார்த்துக் கொண்டிருந்தோம்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார்.

அந்த 'தான்' யாரையும் ஏமாற்றவில்லை. "அப்பா, உண்மையைச் சொல்லுங்க" என்றான் மைத்துனன்.

மாமனார் தயங்கி, பிறகு சொன்னார்: "சூடு இல்லைடா. அதோட, உங்க அம்மா டிகாக்‌ஷன் வாசனை இதிலே இல்லை."

ஆக, இத்தனை நாள் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்ததன் காரணம் நுரை மட்டும் அல்ல! டபராவில் ஆற்றிக் குடிக்கிற மனிதருக்குக் காப்பி என்பது ஆற்றுவதற்கு முன் கொதிக்கிற பண்டம். அறுபது டிகிரியில் நிறுத்திய பாலைக் குளிர்ந்த கோப்பையில் ஊற்றினால், வாயில் படும்போது அதற்கும் கீழே இறங்கி விடுகிறது. பாலை இன்னும் சூடாக்கினால் நுரையும் ருசியும் கெடும். என்ன செய்வது?

விடை மாமியாரிடம் இருந்தது. பித்தளை பில்டரில் இறங்கிய டிகாக்‌ஷன் கிண்ணத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கினார்கள். தம்ளரிலும் வெந்நீர் ஊற்றி அலசிக் கொட்டினார்கள். சூடான தம்ளரில் சூடான டிகாக்‌ஷன். அதன் மேல் மிஷினில் வந்த பால், இந்த முறை அறுபத்தைந்தைத் தொட்டு நிறுத்தியது. டிகாக்‌ஷன் அம்மாவுடையது, பால் பிள்ளையுடையது. இத்தாலியர்கள் பார்த்தால் என்ன சொல்வார்களோ தெரியாது. மாமனார் ஆற்றாமலே குடித்தார். தம்ளரைக் கீழே வைத்து, "இன்னும் அரைத் தம்ளர் இருக்குமா?" என்று கேட்டார்.

என் மனைவிக்கு நுரைத்த பால், ஏலக்காய்ப் பொடி தூவி. ஆயா மட்டும், "எனக்கு அந்தச் சத்தமே ஆகாது" என்று அடுப்புப் பாலையே குடித்தாள்.

பண்டிகை முடிந்து மைத்துனன் கும்மிடிப்பூண்டிக்குப் போய் விட்டான். நாங்களும் சென்னைக்குத் திரும்பினோம். மிஷின் பரணில் ஏறவில்லை. போன வாரம் மாமியார் டெலிபோனில் பேசினார்கள். இப்போது மாலை நாலு மணிக்கு மாமனார்தான் ஜக்கைப் பிடிக்கிறாராம். பக்கத்தில் யாரையும் பேச விடுவதில்லையாம். சத்தம் கேட்க வேண்டுமே!

"இன்னொரு சங்கதி கேட்டீங்களா மாப்பிள்ளை?" என்று சிரித்தார்கள். "நேத்து பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் வீட்டுக்கே வந்துட்டார். 'ரொம்ப நாளா ஐயாவைக் காணோமே, உடம்புக்கு என்ன?'ன்னு விசாரிக்கிறார்!"

அவருக்கும் ஒரு தம்ளர் கொடுத்து அனுப்பினார்களாம்.